ஆட்டக்காரர் கோச் ஆகும்போது: வேலூர்ப் பக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு ஒரு கையேடு

வங்கி அணியிலோ ரயில்வேயிலோ லீக்கிலோ பத்து வருஷம் சம்பளத்துக்கு ஆடியவர் கல்லூரிக்கு கோச்சாக வந்ததும் முதலில் கேட்பது, "பசங்க உயரம் எப்படி?" கேட்க வேண்டியது, "நாள் எத்தனை?"

எண்ணிப் பாருங்கள். ஜூலை தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முடிய 13 வாரம். வாரத்துக்கு 5 நாள் என்றால் 65. இன்டர்னல் தேர்வு இரண்டு தடவை, சுதந்திர தின ஒத்திகை, விநாயகர் சதுர்த்தி, மாலையில் சொல்லாமல் கொட்டும் மழை என்று 20 நாளை இப்போதே கழித்துவிடலாம். மிச்சம் 45. நாளுக்கு ஒன்றரை மணி. மொத்தம் ஏறக்குறைய 67 மணி நேரம். காலையில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி ஆடும் வங்கி, ரயில்வே போன்ற டிபார்ட்மென்ட் அணி இதை மூன்றே வாரத்தில் முடித்துவிடும். உங்களுக்கு இதுதான் முழு சீசன். அதிலும் பாதிப் பேர் முதலாம் ஆண்டு. கீழே வரும் எல்லாமே அந்த 67 மணியை மனதில் வைத்துச் சொல்வது.

எந்த ஏணியில் ஏறப்போகிறீர்கள் என்பதையும் முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள். சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கலை அறிவியல் கல்லூரி என்றால், முதலில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அங்கே கண்ணில் பட்டவர்கள்தான் பல்கலைக்கழக அணிக்குப் போய்த் தென்மண்டலப் போட்டியில் ஆடுவார்கள். வி.ஐ.டி. போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகம் நேராகத் தன் பெயரிலேயே தென்மண்டலத்துக்குப் போகும். பொறியியல் கல்லூரிக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் அவை இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தின் வழி தனி. ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் வேறு வேறு அட்டவணையில் ஆடுவது இதனால்தான். பக்கத்துக் கல்லூரி கோச் சொன்ன தேதியை நம்பித் திட்டம் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

காகிதம் முதலில்

கல்லூரியில் "கோச்" என்று கூப்பிடுவார்கள். ஆனால் வேலை இரண்டு வகை. ஒன்று, உடற்கல்வி இயக்குநர், பேச்சு வழக்கில் பி.டி. சார். இது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சம்பள விகிதத்தில் வரும் பதவி. 2018 விதிகளின்படி உடற்கல்வியில் முதுகலைப் பட்டம் 55 சதவீதத்தோடு வேண்டும், நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது அதற்கு ஈடான மாநிலத் தேர்வு வேண்டும், பல்கலைக்கழக அல்லது மாநில அளவில் ஆடிய சான்று வேண்டும். பிறகு உடல்தகுதித் தேர்வு. ஆண்களுக்கு 12 நிமிடம்: 30 வயது வரை 1800 மீட்டர், 40 வரை 1500, 45 வரை 1200, 50 வரை 800. பெண்களுக்கு 8 நிமிடம்: அதே வயது வரிசையில் 1000, 800, 600, 400.

இந்த ஓட்டத்தைப் பார்த்து ஆட்டக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் முழங்காலில் ஆபரேஷன் முடித்து, எடை 15 கிலோ ஏறிய, ரிங்குக்குப் பக்கத்தில் ஆடிப் பழகிய 36 வயது சென்டருக்கு 1500 மீட்டர் சும்மா வராது. 400 மீட்டர் டிராக்கில் மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 3 நிமிடம் 12 விநாடி. நடந்து முடிக்க முடியாது, மெல்லிய ஓட்டம் வேண்டும். விண்ணப்பம் போட்ட அன்றே வாரம் மூன்று நாள் ஓடத் தொடங்கினால் ஆறு வாரத்தில் பயம் போய்விடும்.

இரண்டாவது வகை, ஒப்பந்தத்திலோ மதிப்பூதியத்திலோ வரும் கோச். சுயநிதிக் கல்லூரிகளில் இதுதான் அதிகம். நெட் கேட்க மாட்டார்கள். பாட்டியாலாவில் 1961 முதல் நடக்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ இருந்தால் பேச்சே வேறு. அங்கேயே ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. விளம்பரத்தில் டிப்ளமோ என்று இருந்தால் ஆறு வாரச் சான்றிதழை நீட்டிப் பயனில்லை.

நீங்கள் ஆடிய சான்றிதழ்களில் படிவ எண் பாருங்கள். நாட்டுக்காக ஆடியது படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டி படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலானது படிவம் 3. போட்டியில் கையில் கொடுத்த பளபளப்பான மெரிட் சான்றிதழ் வேறு, கையெழுத்தும் சீலும் உள்ள இந்தப் படிவம் வேறு. படிவத்தை அப்போதே வாங்காதவர்கள் இப்போது சங்கத்துக்கு நடக்க வேண்டும். லேமினேட் செய்து வைக்காதீர்கள். சரிபார்க்கிறவர் சீலைத் தடவிப் பார்ப்பார். உங்கள் பிள்ளைகளுக்கும் இதே பாடத்தை முதல் வருஷமே சொல்லிவிடுங்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டுக்கு அவர்கள் நீட்டப்போவது இந்தக் காகிதத்தைத்தான்.

டேப்பை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போங்கள்

இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் சிமென்ட் கோர்ட். மரத்தரை உள்ளரங்கில் ஆடி வந்தவர் முதல் நாளே பந்தைத் தட்டிப் பார்த்து முகம் சுளிப்பார். சுளிப்பது இருக்கட்டும், 30 மீட்டர் டேப், சாக்கட்டி, நூல்கண்டு, ஒரு ஏணி கொண்டுபோய் அளந்துவிடுங்கள்.

கோட்டின் உள்விளிம்பிலிருந்து 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். மூலைக்கு மூலை 31.76 மீட்டர் வர வேண்டும். டேப் பத்தாது என்றால் பாதிக் கோர்ட்டுக்குப் பாருங்கள், 20.52. இரண்டு மூலைவிட்டமும் ஒத்துப்போகாவிட்டால் கோர்ட் கோணல். ரிங்கின் மேல்விளிம்பு தரையிலிருந்து 3.05 மீட்டர், முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் அளக்கவும். தொங்கித் தொங்கி முன்பக்கம் தாழ்ந்திருக்கும். ஒரு செ.மீ. சாய்ந்தாலும் எறியும் பந்து நழுவும் விதம் மாறிவிடும். போல்ட்டை முறுக்கிச் சரியானால் சரி, தகடே வளைந்திருந்தால் வெல்டரைக் கூப்பிடுங்கள். வலை இல்லாத ரிங்கில் பயிற்சி வேண்டாம். ஒரு ஜோடி நைலான் வலையில் சிக்கனம் பார்த்தால், பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்ற சண்டையிலேயே நாளுக்குப் பத்து நிமிடம் போகும்.

அதிகம் தவறுவது மூன்று புள்ளிக் கோட்டில் (இதற்கு வெளியிலிருந்து எறிந்து விழுந்தால் மூன்று புள்ளி). 2010 வரை அது 6.25 மீட்டர், பிறகு 6.75. ரிங்கின் கீழே இருக்கும் பகுதியும் அதுவரை அடியில் விரிந்த சரிவகம், இப்போது 4.9 மீட்டர் அகலச் செவ்வகம். பழைய கோர்ட்டில் ஒவ்வொரு வருஷமும் அதே கோட்டின் மேலேயே பெயின்ட் அடித்துக்கொண்டு வந்திருப்பார்கள். உங்கள் பையன் வீட்டில் பத்துக்கு ஐந்து போடுவான், வெளியூர்ப் போட்டியில் எல்லாமே ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பும். "நெர்வஸ் ஆயிட்டான் சார்" என்பார்கள். நெர்வஸ் இல்லை, அரை மீட்டர்.

திருத்துவது ஒரு மாலை வேலை. எண்ட் லைனின் (ரிங்குக்குப் பின்னால் இருக்கும் 15 மீட்டர் கோட்டின்) உள்விளிம்பிலிருந்து நடுவில் 1.575 மீட்டர் அளந்தால் அது ரிங்கின் நேர் கீழ்ப்புள்ளி. அங்கே ஆணி வைத்து, அல்லது ஒருவர் நூலை அழுத்திப் பிடித்து, 6.75 மீட்டரில் வட்டம் இழுக்கவும். அந்த அளவு கோட்டின் வெளிவிளிம்பு வரை. பக்கக்கோட்டிலிருந்து 90 செ.மீ. உள்ளே இணையாக நேர்க்கோடு. நேர்க்கோடும் வட்டமும் எண்ட் லைனிலிருந்து 2.99 மீட்டரில் சந்தித்தால் கணக்கு சரி. கோட்டின் அகலம் 5 செ.மீ. பழைய கோட்டைச் சிமென்ட் நிறத்தில் அழிக்காமல் புதிது போடாதீர்கள். இரண்டு கோடும் தெரிந்தால் கால் பழையதைத்தான் தேடும்.

பந்து: ஆண்களுக்கு 7-ஆம் அளவு, பெண்களுக்கு 6. பெண்கள் அணிக்கு 7-ஐக் கொடுத்துவிட்டு "கை பத்தலை" என்று சொல்லும் கல்லூரிகள் இன்னும் இருக்கின்றன. சிமென்ட்டுக்கு ரப்பர் பந்து. விலை உயர்ந்த கம்போசிட் (செயற்கைத் தோல்) பந்தை இங்கே இறக்கினால் ஒரு சீசனில் வழவழத்துப் போகும். அதை இரண்டு மட்டும் வாங்கி, போட்டிக்கு முந்தைய வாரம் கை பழக வெளியே எடுக்கவும். 12 பேருக்கு 8 பந்துக்குக் குறைந்தால் பாதிப் பேர் வரிசையில் நின்றே 67 மணியையும் கழிப்பார்கள். ஊசியை நனைக்காமல் குத்தினால் வால்வு கிழியும்.

செலக்‌ஷன்: மூன்று நாள் போதும்

முதல் நாள் ஓட்டமும் காலும். இரண்டாம் நாள் பந்து. மூன்றாம் நாள் மூன்றுக்கு மூன்று ஆட்டம், அதில் பேசாமல் ஓரமாக நின்று பாருங்கள். பந்து கையில் இல்லாதபோது யார் நகர்கிறார், பந்தைத் தொலைத்தவர் திரும்ப ஓடுகிறாரா, பாஸ் வராதபோது முகம் என்ன ஆகிறது. இந்த மூன்றையும் நோட்டில் எழுதவும்.

பக்கக்கோட்டிலிருந்து மறு பக்கக்கோட்டுக்கு ஒரு நிமிடத்தில் 17 தடவை ஓடுவது எல்லாரும் வைக்கும் சோதனை. முதல் நாள் 13, 14-இல் நின்றால் நிராகரிக்காதீர்கள், நான்கு வாரத்தில் ஏறும். உயரம் மட்டும் ஏறாது என்பார்கள். உண்மைதான், ஆனால் பந்தைப் பிடிக்கத் தெரியாத ஆறடி இரண்டு அங்குலக்காரனும் 67 மணியில் தேற மாட்டான்.

இந்த மாவட்டங்களில் கிராமத்திலிருந்து வரும் பிள்ளைகளின் கால் கபடியிலும் வாலிபாலிலும் வளர்ந்தது. கூடைப்பந்து தெரியாது என்று விட்டுவிட வேண்டாம். கபடி ஆடியவனுக்கு முட்டி மடக்கிப் பக்கவாட்டில் நகர்வது ரத்தத்திலேயே இருக்கும். டிஃபன்ஸ் நிலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லித்தர வேண்டியது, கையை நீட்டிப் பிடிக்காதே என்பதை. முதல் மேட்சிலேயே ஐந்து ஃபவுல் வாங்கி வெளியே உட்காருவான். வாலிபால் ஆடியவனுக்குக் குதிப்பும் நேரக்கணக்கும் உண்டு; ரீபவுண்டில், அதாவது ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தை எடுக்கும்போது, பிடிக்காமல் தட்டிவிடுவான். இரண்டு கையாலும் பிடித்து, தாடைக்குக் கீழே முழங்கையை விரித்து வைத்துத் தரையிறங்கும் பயிற்சியை நாளுக்கு 20 தடவை, இரண்டு வாரம் கொடுங்கள். தட்டும் பழக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கைக்குத் தெரிந்தது வாய்க்கு வர வேண்டும்

பெரிய ஆட்டக்காரர் எல்லாம் பெரிய கோச் ஆகிவிடுவதில்லை. கிளைட் டிரெக்ஸ்லர் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் உச்ச நட்சத்திரங்களில் ஒருவர். ஓய்வு பெற்ற கையோடு 1998-இல் தான் படித்த ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கே கோச்சாகப் போனார். இரண்டு சீசனில் 19 வெற்றி, 39 தோல்வி, அத்தோடு விலகிவிட்டார். டான் ஸ்டேலி 2000-இல் டெம்பிள் பல்கலைக்கழகப் பெண்கள் அணியை ஏற்றபோது இன்னும் தொழில்முறையில் ஆடிக்கொண்டிருந்தார். கோடையில் லீக், மற்ற மாதங்களில் கோச் வேலை. பிறகு தென் கரோலினாவுக்குப் போய் 2017, 2022, 2024 என்று மூன்று தேசியப் பட்டம். இருவருக்கும் ஆட்டம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கோச் வேலை தனியாகக் கற்க வேண்டிய இன்னொரு தொழில்.

அந்தத் தொழிலில் முதல் வேலை, உங்கள் உடம்பு யோசிக்காமல் செய்வதை உடைத்துச் சொல்வது. புதிதாக வந்த கோச் முழு வேகத்தில் ஒரு முறை செய்து காட்டி, "இப்படித்தான், அவ்வளவுதான்" என்பார். பையன் பார்த்தது அழகை, செய்முறையைப் பார்க்கவில்லை. "டிஃபன்ஸைப் படிச்சு ஆடு" என்று கத்துவதிலும் பயனில்லை, எதைப் படிக்க? "அவன் எந்தக் காலை முன்னாடி வெச்சிருக்கான் பாரு, அந்தக் கால் பக்கமா போ" என்றால் புரியும். முன்வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துத் திரும்ப எதிராளிக்கு நேரம் கொஞ்சம் அதிகம் ஆகும், அதுதான் காரணம். காரணத்தையும் சொல்லுங்கள், கல்லூரிப் பிள்ளைகள் கேட்பார்கள்.

லே-அப்பை (ஓடி வந்து எம்பி, ரிங்குக்குப் பக்கத்திலிருந்து பந்தைப் போடுவதை) கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிச் சொல்லித்தாருங்கள். வலதுகைக்காரனுக்கு:

முதலில் பந்தைத் தட்டவே வேண்டாம். ரிங்கின் வலப்பக்கம், 45 பாகை சாய்வில், கீழ்ப்புள்ளியிலிருந்து 1.2 மீட்டரில் ஒரு சாக்கட்டி வட்டம். இடது கால் அதில், வலது முட்டி மேலே, பந்து போர்டில் வரைந்த சதுரத்தின் மேல்மூலையில். பத்துக்கு எட்டு விழும் வரை இது மட்டும். அடுத்து 2.2 மீட்டரில் இரண்டாவது வட்டம். "வலது, இடது, மேலே" என்று அவன் வாயாலேயே சொல்லிக்கொண்டு வர வேண்டும். பிறகு ஒரு டிரிபிள் (பந்தைத் தரையில் ஒருமுறை தட்டுவது) சேர்க்கவும். மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து வேகமாக வருவது கடைசியில்.

வலது காலிலேயே எம்பினால் முதல் அடியைத் தவறான காலில் தொடங்கியிருக்கிறான். குதிப்பைத் திருத்தாதீர்கள், டிரிபிள் விழும்போது எந்தக் கால் தரையில் என்று பாருங்கள். பந்து போர்டின் கீழ்ப்பகுதியில் மோதினால் ரிங்குக்கு அடியில் போய்க் குதிக்கிறான். உள்வட்டத்தைப் பின்னுக்கு நகர்த்தவும். பலமாக அடித்துத் தெறித்தால், முன்னோக்கி ஓடும் வேகத்தை மேலே திருப்பாமல் பந்தில் ஏற்றுகிறான். இடது கைக்கு இதே வரிசை, இரண்டு மடங்கு நேரம்.

நடை (டிராவலிங், அதாவது பந்தைத் தட்டாமல் கூடுதல் அடி வைப்பது) பற்றிய விதியையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். 2017 அக்டோபரிலிருந்து, ஓடிக்கொண்டே பந்தைக் கைக்கொள்ளும்போது தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது. அதற்குப் பிறகு இரண்டு அடி. பழைய கணக்கில் வளர்ந்த நீங்கள் உங்கள் பிள்ளைக்கே தவறாக விசில் ஊதுவீர்கள்.

கட்டளைச் சொற்கள் பத்துக்கு மேல் வேண்டாம்: "முட்டி", "கை மேல", "பேசு", "பின்னாடி ஓடு" போல. ஒரே செயலுக்கு இன்று ஒரு சொல், நாளை ஒரு சொல் என்றால் மேட்சின் சத்தத்தில் யாருக்கும் ஏறாது. உங்களை எப்படிக் கூப்பிடுவது என்பதும் முதல் நாளே முடிவாகட்டும். இளைய கோச்சை இங்கே பையன்கள் இரண்டே நாளில் "அண்ணா" ஆக்கிவிடுவார்கள். அதில் தப்பில்லை, ஆனால் அண்ணாவாக இருந்துகொண்டு ஒருவனை மட்டும் "டேய்", இன்னொருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அணி அன்றே இரண்டாகப் பிரியும். பெண்கள் கல்லூரிகளில் "சார்", "மேம்" என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம், அதுவே நல்லது.

90 நிமிடம்

பிளாஸ்க்கில் டீ வருவதற்கு முன் கோர்ட்டைப் பெருக்கி முடித்திருக்க வேண்டும். சிமென்ட்டின் மேல் மெல்லிய மண் தூசி இருந்தால் நிற்கும் கால் வழுக்கும். கணுக்கால் திரும்புவது பல தடவை அதனால்தான். ஈரச்சாக்கை ஒருமுறை இழுத்தால் போதும்.

முதல் 10 நிமிடம் பந்தோடு உடல் சூடேற்றம். 25-ஆவது நிமிடம் வரை கால்வேலை, இரு கை லே-அப். 40 வரை இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு இரண்டு என்று ஓடிக்கொண்டே பாஸ். ஐந்து நிமிடம் தண்ணீர். குடித்து வந்த ஒவ்வொருவரும் இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிவது). 60 வரை டிஃபன்ஸ்: பாஸ் போன பக்கம் ஓடிப்போய் மறிப்பது, ஒன்றுக்கு ஒன்று. 80 வரை ஐந்துக்கு ஐந்து, அதில் முதல் ஐந்து நிமிடம் டிரிபிளே கூடாது என்ற நிபந்தனையோடு. பந்தில்லாமல் நகரக் கற்றுக்கொடுக்க இதைவிடச் சுருக்கு வழி கிடையாது. கடைசிப் பத்து நிமிடம் களைத்த காலோடு ஃப்ரீ த்ரோ: பத்துப் பேர், ஆளுக்கு இரண்டு, 20-க்கு 12 விழாவிட்டால் எல்லாரும் அந்த 17 தடவை ஓட்டம் ஒன்று. வரிசையில் நான்கு பேருக்கு மேல் நின்றால் கோர்ட்டின் மறுபக்கத்தையும் பயன்படுத்துங்கள்.

தொழில்முறை அணியிலிருந்து வருபவர் ஒரு நோட்டு நிறைய ஆட்டத் திட்டம் கொண்டுவருவார். மூடி வையுங்கள். பாஸ் கொடுத்துவிட்டு ரிங்கை நோக்கி ஓடும் ஒரு அமைப்பு, எண்ட் லைனிலிருந்து பந்து போட ஒரு திட்டம், எதிரணி முழுக் கோர்ட்டிலும் நெருக்கினால் 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட ஒரு வழி. டிஃபன்ஸில் ஆளுக்கு ஆள், கூடவே ஒரு 2-3 ஜோன் (முன்னால் இருவர், பின்னால் மூவர் என்று ஆளை விட்டு இடத்தைக் காப்பது). கல்லூரி மட்டத்தில் மேட்சைத் தோற்பது விட்ட லே-அப்பாலும் தொலைத்த பந்தாலும்தான். நேரத்தை அங்கே போடுங்கள்.

டே ஸ்காலர்களின் பேருந்து நேரத்தைச் செலக்‌ஷன் முடிந்த அன்றே கேட்டு எழுதுங்கள். குடியாத்தத்துக்கும் ஆம்பூருக்கும் போகிறவன் 5.30-க்கே பையைத் தூக்குவான். ஐந்துக்கு ஐந்தைக் கடைசியில் வைத்தால் அவன் சீசன் முழுக்க அதை ஆடாமலே போவான். அப்படி மூன்று பேர் இருந்தால் வாரம் இரண்டு நாள் அந்த வரிசையையே தலைகீழாக்குங்கள்.

பாதம், கணுக்கால், வெயில்

தொழில்முறையில் ஆடிவிட்டு அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் கோச்சாகிப் பத்துத் தேசியப் பட்டம் வென்ற ஜான் வூடன், சீசனின் முதல் பயிற்சியில் கற்றுக்கொடுத்தது சாக்ஸ் போடுவது. குதிகாலிலும் சுண்டுவிரல் பக்கமும் சுருக்கம் இல்லாமல் தடவி இழுக்க வேண்டும், ஷூ கயிற்றை ஒவ்வொரு துளையாக இறுக்க வேண்டும். சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பயிற்சி போச்சு. சிமென்ட் கோர்ட்டில் இது இரண்டு மடங்கு உண்மை. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகின்றன, நம் பையன் அண்ணனுடைய ஒரு நம்பர் பெரிய ஷூவில் ஓடிக்கொண்டிருப்பான். செலக்‌ஷன் முடிந்ததும் ஒவ்வொருவரின் ஷூவையும் கையில் வாங்கிப் பாருங்கள்: அடிப்பக்கம் தேய்ந்திருக்கிறதா, குதிகாலில் விரல் நுழைகிறதா.

கணுக்கால் திரும்பினால் உடனே தைலம் போட்டு நீவி, இழுத்துச் சுளுக்கெடுப்பது வழக்கம். முதல் இரண்டு நாள் அது கூடாது. கிழிந்த இடத்தில் ரத்தக்கசிவு கூடும். துணியில் சுற்றிய ஐஸ் 15 முதல் 20 நிமிடம், இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைத்தல். நாலு அடி ஊன்றி நடக்க முடியாவிட்டாலோ, கணுக்காலின் முண்டு எலும்பைப் பின்பக்கமாகத் தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். பெண்கள் அணியில் தரையிறங்கும்போது முட்டி இரண்டும் உள்பக்கம் சாய்கிறதா என்று கவனியுங்கள்; முழங்காலின் தசைநார் கிழிவது அப்படித்தான். 30 செ.மீ. படியிலிருந்து குதித்து, முட்டி பாதத்துக்கு நேராக நிற்க இறங்கும் பயிற்சி வாரம் மூன்று நாள் போதும். அவர்களுக்கு ஹீமோகுளோபினும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். "சோம்பேறி" என்று பெயர் வாங்கிய பெண்ணுக்கு ரத்தசோகை இருந்திருக்கலாம்.

நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை; ஆகஸ்ட் மாலை நாலரைக்கும் சிமென்ட் கக்கிக்கொண்டுதான் இருக்கும். பயிற்சிக்கு இரண்டு மணி முன்னால் அரை லிட்டர் தண்ணீர், பிறகு 15-20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர். உப்புப் போட்ட மோர் நல்லது. ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பாக்கெட் கிடைக்காதபோது ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பேச்சுக் குளறி, நடை தள்ளாடி, உடம்பு கொதித்தால் அது வெறும் களைப்பு அல்ல: நிழலில் போட்டு உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வைத்து 108-ஐ அழைக்கவும். தண்ணீர் புகட்ட முயலாதீர்கள்.

சாப்பாட்டில் கடலை, முட்டை, சுண்டல் மூன்றும் ஹாஸ்டலில் பேசி வாங்கிவிடலாம். வீட்டிலிருந்து வருகிறவனுக்குக் கேழ்வரகுக் களி காலையில் கிடைத்தால் அதைவிட வேறு வேண்டாம். பிரியாணி மேட்ச் முடிந்த பிறகு.

ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம்

வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதில் சிக்கல். கோச்சுக்குப் பிள்ளைகள் கைவிட்டுப் போவது பெரும்பாலும் இங்கேதான். போட்டிக்குப் போவதற்கு முன்பே, பெயர், பதிவெண், துறை, தேதி, எத்தனை பீரியட் என்று ஒரே தாளில் எழுதி முதல்வரிடம் கையெழுத்து வாங்கி, ஒவ்வொரு துறைத் தலைவருக்கும் நகல் கொடுங்கள். திரும்பி வந்த பிறகு கொடுக்கும் கடிதத்துக்கு மதிப்புக் குறைவு. லேப் இருக்கும் நாளைத் தனியாகக் குறித்து, அந்த ஆசிரியரை நீங்களே நேரில் பாருங்கள். கோச் வந்து கேட்டால் இன்னொரு நாள் வைப்பார். பையன் போனால் திட்டு.

மேட்ச் நாள்

முந்தைய நாள் மேலாளர் கூட்டத்தில் கேட்க வேண்டியவை: நாலு தடவை 10 நிமிடமா, குறைத்திருக்கிறார்களா, 24 விநாடிக் கடிகாரம் உண்டா, பந்து எந்த வகை. அட்டவணையில் முதலில் பெயர் வரும் அணிக்கு வெளிர் நிறச் சட்டை. இரண்டு செட் எடுத்துப்போகவும். 12 பேரின் பெயரும் எண்ணும் ஸ்கோர் ஷீட்டில் ஏறியதும் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். சட்டையில் 8, தாளில் 3 என்று இருந்தால் பிறகு தலைவலி. அடையாள அட்டை, போனஃபைட் சான்று எல்லாம் அசலாக, ஒரே ஃபைலில், உங்கள் கையில்.

டைம் அவுட் முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. 60 விநாடியில் 15 விநாடி மூச்சு வாங்கவும் தண்ணீருக்கும் போய்விடும். ஒரே ஒரு மாற்றத்தைச் சொல்லுங்கள். அடுத்து யார் யாரைக் காப்பது என்று அவர்கள் வாயால் திரும்பச் சொல்லவைத்து அனுப்புங்கள். ஒரு கால் பகுதியில் எதிரணியின் ஃபவுல் நான்கைத் தொட்டதும் ரிங்குக்கு ஓடச் சொல்லவும், ஐந்தாவதிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ.

நேற்று வரை ஆடியவருக்கு பெஞ்சில் உட்காருவது கஷ்டம். கோட்டைத் தாண்டி ஓடி நடுவரிடம் கத்தினால் டெக்னிக்கல் ஃபவுல். உங்கள் பெயரில் இரண்டு ஏறினால் வெளியே போக வேண்டும், பிள்ளைகள் கோச் இல்லாமல் ஆடுவார்கள். கையில் நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள்: விட்ட லே-அப்புக்கு ஒரு கோடு, தொலைத்த பந்துக்கு ஒரு கோடு. கோடு போட்டுக்கொண்டிருந்தால் கத்த நேரமிருக்காது, மறுநாள் பயிற்சிக்கும் அந்தத் தாளே திட்டம்.

சீசன் முடிந்ததும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் பந்து, வலை, பம்ப், சட்டை எல்லாவற்றையும் எண்ணி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தேய்ந்ததைத் தேய்ந்தது என்றே எழுதினால்தான் அடுத்த ஜூனில் புதிது கேட்க முடியும். மிச்சமிருக்கும் பந்துகளில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, தகரக் கூரை ஷெட்டில் போடாமல், நிழலான அறையில் வையுங்கள். ஏப்ரல், மே சூட்டில் முழுக் காற்றோடு கிடந்தால் ஜூனில் எடுக்கும்போது முட்டை வடிவத்தில் இருக்கும்.